துடைத்துவிட்ட ஸ்லைடு

"14-8-84, செவ்வாய். ஆண், வயது 27, லப்பைக்குடிக்காடு. சிறுநீர்: சிவப்பணுக்கள் உண்டு, சீழணுக்கள் கொஞ்சம், உப்புப் படிகம் இல்லை. குறிப்பு: நீர்ப்பூச்சி ஒன்று காணப்பட்டது. பாட்டில் அசுத்தம். மறு சாம்பிள் கேட்கப்பட்டது."

மேலே இருப்பது என் கையெழுத்து. ஆய்வகப் பதிவேட்டில் எழுதியதை அன்று மாலையே என் சொந்த நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். பெயர் எழுத மாட்டேன். ஊர், வயது, கண்டது மட்டும். அந்தப் பதிவேடு பழைய காகிதத்தோடு போயிருக்கும். நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. வேலை பார்த்த காலம் முழுவதிலும் நான் எழுதியவற்றுள் எந்தச் சொற்களைத் திரும்பப் பெற விரும்புவீர்கள் என்று யாராவது கேட்டால், "பாட்டில் அசுத்தம்" என்ற இரண்டு சொற்களைக் காட்டுவேன்.

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக அந்த வாரத்தை எழுதி வைக்கிறேன். சோதனையை எப்படிச் செய்வது என்பது உங்கள் புத்தகங்களில் என்னைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

பெரம்பலூர் வட்டத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். லேப் என்பது ஓர் அறை, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், கையால் சுற்றும் ஒரு சென்ட்ரிஃப்யூஜ், கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடியில் அனுப்பும் ஒற்றைக் கண் மைக்ரோஸ்கோப். அந்த ஜன்னலில் வெளிச்சம் காலையில்தான் நன்றாக இருக்கும். ஆகவே என் சட்டமும் காலைச் சட்டம்: எழுந்ததும் போகிற முதல் சிறுநீர், எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் நாளைக்கு. கதவில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தேன். விக்கிரமங்கலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் ஆள் நான். சட்டத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்த வயது அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஓர் இளைஞரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவரை இங்கே ஜமால் என்றும், அந்தப் பெண்ணை நூர்ஜகான் என்றும் சொல்கிறேன். ஜமால் சவூதியில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்தவர். ஐந்தாறு மாதமாகச் சிறுநீரில் இரத்தம். திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சிறுநீர் வழியே குழாய் விட்டுப் பார்த்த சர்ஜன், சிறுநீர்ப்பையின் உள்சுவரில் மணல் தூவியதுபோலத் திட்டுகளும் ஓரிடத்தில் தடிப்பும் இருக்கின்றன, கட்டியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். 20ஆம் தேதி திங்கட்கிழமை வயிற்றைத் திறந்து பார்ப்பது, கட்டிதான் என்றால் பையில் அந்தப் பகுதியை எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் சாதாரண இரத்த, சிறுநீர்ச் சோதனைகளை ஊருக்குப் பக்கத்திலேயே செய்துகொண்டு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நூர்ஜகான் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய டானிக் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். கழுவிய தண்ணீர் முழுக்க வடியாமலே சிறுநீரைப் பிடித்திருந்தார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வெயிலில் வந்த பாட்டில் கையில் சூடாக இருந்தது.

சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் தங்கிய படிவை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்கள் இருந்தன. அவற்றின் நடுவே ஏதோ ஒன்று குறுக்கே ஓடியது. நீளவாட்டில், பளபளவென்று, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு விநாடி. ஸ்லைடை நகர்த்தித் தேடினேன். மறுபடியும் ஒரு தடவை ஓடியது. குளத்துத் தண்ணீரில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது.

"பாட்டிலை எந்தத் தண்ணியிலம்மா கழுவுனே?"

"கெணத்துத் தண்ணிலதான் சார்."

"கழுவுனா கவுத்து வைக்கத் தெரியாதா? பூச்சி நீந்துது உள்ளே. இதை வச்சு நான் என்னத்த ரிப்போர்ட் எழுதறது?"

ஜமால் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குனியவில்லை.

"கெணத்துல பூச்சி இருந்தா அது எங்க தப்பா சார்? நல்ல பாட்டில் நீங்க குடுத்தா நாங்க ஏன் டானிக் பாட்டிலத் தேடுறோம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே என் கோபம் கூடியது. ஸ்லைடைப் பஞ்சால் துடைத்தேன். கொதிக்க வைத்துக் காய்ந்த ஒரு பாட்டிலைக் கொடுத்து, "நாளைக்கு லீவு. வியாழக்கிழமை காலையில இதுல கொண்டாங்க" என்றேன். பதிவேட்டில் நீங்கள் மேலே படித்ததை எழுதினேன்.

மறுநாள் சுதந்திர தினம். கொடியேற்றினோம், மிட்டாய் கொடுத்தோம். அந்த ஸ்லைடை நான் நினைக்கவேயில்லை.

16ஆம் தேதி வியாழக்கிழமை காலை வந்த சாம்பிள் சுத்தமாக இருந்தது. நான்கு ஸ்லைடு பார்த்தேன். சில சிவப்பணுக்களைத் தவிர ஒன்றுமில்லை. பூச்சியும் இல்லை. என் கொதிநீர்ப் பாட்டிலைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. இரத்தத்தில் மட்டும், உடம்பில் புழுவோ அலர்ஜியோ இருந்தால் கூடுகிற இயோசினோபில் அணுக்கள் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன. நம் ஊரில் யாருக்குத்தான் கூடுதலாக இல்லை என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா லேப்புக்கே வந்துவிட்டார். எங்கள் மருத்துவமனைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் அறையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட மாட்டார். சந்தேகம் வந்தால் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே நடந்து வருவார். பின்னால் ஜமாலும் நூர்ஜகானும் வந்தார்கள்.

"லேப் சார், இந்த இயோசினோபில் சரியா எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணினேன் மேடம்."

அவர் ஜமால் பக்கம் திரும்பினார். "சவூதில எங்க வேலை?"

"ஜீசான் பக்கம் மேடம். ரோடு போடுற கம்பெனி."

"குளிக்கறதுக்குத் தண்ணி?"

"கேம்ப்புக்கு லாரில வரும். ஒரு ஆளுக்கு ரெண்டு பக்கெட்டு. மலை அடியில ஒரு ஓடை தேங்கிக் கெடக்கும் மேடம். ஜும்மா முடிஞ்சதும் நாங்க ஆறு பேரு அதுல போய் விழுந்துடுவோம்."

"எங்க ஊரு வெள்ளாத்துல தவக்களையோட தவக்களையா வளந்த ஆளு" என்றாள் நூர்ஜகான். "தண்ணியக் கண்டா இதுக்குக் கால் தரையில நிக்காது."

"அங்க நத்தை இருந்துச்சா?"

ஜமால் ஆச்சரியத்தோடு பார்த்தார். "இருந்துச்சு மேடம். சின்னச் சின்னதா, புல்லுல ஒட்டிக்கிட்டு. ஏறி வந்தா உடம்பெல்லாம் அரிக்கும். ஈச்சமரத் தூசுன்னு நெனச்சுக்குவோம்."

டாக்டரம்மா வெளியே போய்த் தன் கல்லூரிக் காலத்துப் புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்தார். அவர் திறந்து காட்டிய பக்கத்தின் ஓரம்கூட அழுக்காகாமல் இருந்தது. "பரீட்சைக்கு வராதுன்னு நான் படிக்காம விட்ட பக்கம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பயிற்சியிலும், இது நம் பக்கத்து நோய் இல்லை, படத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தாண்டிவிட்டார்கள்.

இரத்தத் தட்டைப்புழு. அதன் வாழ்க்கையை அவர் தமிழில் எங்களுக்குச் சொல்லச் சொல்ல, நோயாளி முன்னால் இப்படிச் சொல்லக்கூடாது என்றாலும், எனக்கு அந்தப் புழுவின்மேல் மதிப்பே வந்தது. நத்தையின் உடம்பிலிருந்து தண்ணீருக்கு வருகிறது. குளிக்கிறவர் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தின் போக்கிலேயே நுரையீரல், ஈரல் எல்லாம் கடந்து, சிறுநீர்ப்பையைச் சுற்றியிருக்கும் சிரைகளுக்கு வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்கிறது. அங்கே ஆண் புழு தன் உடம்பை நீளவாட்டில் மடித்துப் பள்ளமாக்கி, அதற்குள் பெண் புழுவை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறது. பெண் இடுகிற முட்டைக்கு ஒரு முனையில் முள். அந்த முட்டைகள் பையின் சுவரைக் கிழித்துக்கொண்டு சிறுநீரில் விழுகின்றன. இரத்தம் வருவது அதனால். சுவரிலேயே சிக்கிக்கொண்ட முட்டைகள்தான் மணல் தூவியதுபோலத் தெரிபவை.

நூர்ஜகான் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "புழு கூடப் பொண்டாட்டிய மடியிலயே வச்சிருக்கு மேடம். இந்த ஆளு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பெட்டியத் தூக்கிக்கிட்டு வருது."

எல்லாரும் சிரித்தோம். டாக்டரம்மா அடுத்த வரியைப் படித்தார். "முட்டை நல்ல தண்ணில பட்டா பொரிஞ்சுடும். குஞ்சு வெளிய வந்து நத்தையைத் தேடி நீந்தும்."

நான் சிரிப்பை நிறுத்தினேன். டானிக் பாட்டில், கிணற்றுத் தண்ணீர், பஸ்ஸின் சூடு, நீளவாட்டில் சுற்றிக்கொண்டு ஓடியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உண்மையை எழுதுகிறேன்: உடனே வாயைத் திறக்கவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, ஸ்லைடு இல்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரம்மா திருச்சி சர்ஜனிடம் டிரங்கால் போட்டுப் பேசத் தன் அறைக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. சர்ஜன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். முட்டையைக் கண்ணால் பார்க்காமல் தேதியைத் தள்ள முடியாது என்றிருக்கிறார். கட்டியாக இருந்து நாம் ஒரு மாதம் புழு தேடிக்கொண்டிருந்தால் பையன் கைவிட்டுப் போய்விடுவான், முட்டையைக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே நிறுத்துகிறேன் என்றிருக்கிறார். அவர் சொன்னதும் சரிதான். எங்களுக்கு வெள்ளியும் சனியும் இருந்தன.

"மேடம், செவ்வாய்க்கிழமை ஒரு பூச்சி பார்த்தேன்" என்று ஆரம்பித்தேன். பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.

அவர் படித்தார். "ஸ்லைடு?"

"துடைச்சுட்டேன்."

"மிச்சச் சாம்பிள்?"

"கொட்டியாச்சு மேடம்." பேனாவை எடுத்து, "இந்த வரியை அடிச்சுடட்டுமா?" என்று கேட்டேன்.

"அடிக்காதீங்க. அது ஒன்னுதான் நம்மகிட்ட இருக்கற தடயம். இனிமே புரியாதது எதைப் பார்த்தாலும், துடைக்கறதுக்கு முன்னால என்னைக் கூப்பிடுங்க. அவ்வளவுதான்."

மேலதிகாரிகளிடமிருந்து நான் பெற்ற கண்டனங்களில் அது ஒன்றுதான் இன்றுவரை மனப்பாடமாக இருக்கிறது. அவர் அதை இரண்டாம் முறை சொல்லவில்லை.

இனி ஜமாலின் பங்கு. இந்த நினைவையே அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

"அப்ப இன்னிக்கு நீங்க நாலு தடவை பாத்தும் ஏன் இல்ல சார்?" என்று நூர்ஜகான் கேட்டாள். நாளைக் காலையிலும் கொண்டுவாருங்கள், முதல் சிறுநீராக இருக்கட்டும் என்றேன். அப்போது ஜமால், இரண்டு நாளில் முதல் தடவையாக, கேட்காமலே பேசினார்.

"சார், காலையில எப்பவுமே தெளிவாத்தான் போவும்."

"எப்படிச் சொல்றீங்க?"

கொஞ்சம் கூச்சப்பட்டார். "தொழுவறதுக்கு முன்னாடி கை, கால், மொகம் கழுவி ஒளு எடுக்கணும் சார். ஒன்னுக்குப் போனா ஒரு சொட்டு கூடத் துணியில படக் கூடாது. அது நஜீஸ், அசுத்தம். அதனால கடைசிச் சொட்டு வரைக்கும் பாத்துப் பாத்துச் சுத்தம் பண்ணுவோம். விடியக்கால சுபுஹுத் தொழுகைக்கு ஒன்னும் இருக்காது. லுஹருக்குத்தான் வரும். அதுவும் மொதல்ல தெளிவாப் போவும். கடைசியா நாலஞ்சு சொட்டு மட்டும் செவப்பா வரும். சாயங்காலம் அஸருக்குக் கொஞ்சம். பொழுது சாஞ்சு மஃக்ரிபுக்கு அதுவும் இல்ல. அஞ்சு மாசமா இப்படித்தான் சார்."

டாக்டரம்மா புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு வரியில் நின்று, புத்தகத்தை அப்படியே என் பக்கம் திருப்பினார். முட்டைகள் நண்பகலை ஒட்டியே அதிகம் வெளிவரும், கடைசிச் சொட்டுகளில் மிகுந்திருக்கும், நடந்து அலைந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் என்று அதில் இருந்தது. லுஹர் என்பது உச்சி சாய்ந்த உடன் வரும் தொழுகை. புத்தகம் எழுதியவர்கள் எத்தனையோ பேரிடம் சோதித்து எழுதியதை, இந்த மனிதர் தன் ஒருவர் உடம்பில், ஒரு நாளைக்கு ஐந்து முறை கவனித்து வைத்திருந்தார்.

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் நேரம் கேக்கல சார். எல்லாரும் ரத்தம் வருதான்னு மட்டுந்தான் கேட்டாங்க."

"கதவுல அட்டை வேற தொங்குது" என்றாள் நூர்ஜகான். "மூத்திரம் கூட ஒங்க ஆபீஸ் நேரத்துக்குத்தான் வரணுமாம்."

அட்டையை அன்றே கழற்றினேன்.

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். அன்று ஜும்மா. ஒன்றேகால் மணித் தொழுகைக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும் என்று ஜமால் முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்குள் எடுத்தாக வேண்டும். நன்னாரி சர்பத்தும் தண்ணீரும் குடிக்கக் கொடுத்து, பன்னிரண்டு மணியிலிருந்து மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னோம். பதினைந்தாவது தடவை இறங்கி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"இதுக்கு ரஞ்சன்குடிக் கோட்டை மேல ஏறவே அனுப்பியிருக்கலாம் சார்" என்றார். நான்கு நாளில் அவர் அடித்த முதல் வேடிக்கை.

பன்னிரண்டரைக்கு சாம்பிள் கிடைத்தது. கடைசிச் சொட்டுகளைத் தனிப் பாட்டிலில் பிடித்திருந்தார். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அவர் ஒளு எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். நூர்ஜகான் லேப் வாசலில் நின்றாள்.

சென்ட்ரிஃப்யூஜைச் சுற்றிப் படிவை எடுத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன். இருட்டு. கிழக்கு ஜன்னலை விட்டுச் சூரியன் போய்விட்டிருந்தது. காலைச் சட்டம் ஏன் வந்தது என்பதே எனக்கு மறந்திருந்தது! பல்பைப் போடலாமென்றால் கரண்ட் இல்லை. பிறகு மைக்ரோஸ்கோப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அறையை விட்டு அதை வெளியே எடுக்கவே கூடாது என்பதும் நானே போட்டுக்கொண்ட சட்டந்தான். தாழ்வாரத்தில் மருந்துச் சீட்டு எழுதும் மேசையைக் காலி செய்து, கண்ணாடியை வானத்துக்குத் திருப்பினேன். மருந்து வாங்க நின்றவர்கள் சுற்றிக் கூடினார்கள்.

"என்ன சார், கெரகணமா?" என்று ஒருவர் கேட்டார்.

முதல் ஸ்லைடில் சிவப்பணுக்கள் மட்டும். இரண்டாவதிலும் அப்படியே. ஆடி முடிந்தும் ஓயாத காற்று மண்ணை வாரி அடித்தது. நூர்ஜகான் முந்தானையை விரித்து மேசைக்குக் காற்று மறைப்பாக நின்றுகொண்டாள். எங்கோ தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டது. மூன்றாவது ஸ்லைடில், நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம், வெள்ளரி விதை ஒன்று கிடந்தது. அப்படித்தான் முதலில் தோன்றியது. மங்கிய மஞ்சள் நிறம். ஓடு முழுசாக இருந்தது. ஒரு முனை மழுங்கல். மறு முனையில் முள்.

கையை எடுத்துவிட்டேன். திருகைத் தொடவில்லை. மேசையைத் தொடவில்லை. "டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். என் குரலைக் கேட்டு வரிசையில் நின்றவர் ஒருவர் ஓடினார்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் ஓரம் ஈரமாக இருந்தது; காற்றில் தூசு விழுந்ததென்று சொல்லித் துடைத்துக்கொண்டார். பிறகு நூர்ஜகானைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவளுக்கு ஒரு கண்ணை மூடிப் பார்க்க வரவில்லை. கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இத்தூண்டு முள்ளா மேடம்? இதுக்கா வயித்தக் கிழிக்கணும்னாங்க?"

ஒரு முடிவை உடனே எடுக்கவேண்டியிருந்தது. மிச்சப் படிவில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார். பார்த்தால் என் செவ்வாய்க்கிழமைச் சந்தேகம் தீர்ந்துவிடும். எனக்கு அந்த ஆசை எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று ஸ்லைடுக்கு ஒரு முட்டைதான் கிடைத்திருக்கிறது. திருச்சிக்குக் கொண்டுபோகிற படிவில் இன்னொன்றாவது இருக்க வேண்டும். "வேண்டாம் மேடம், ஒரு சொட்டு கூட வீணாக்க வேண்டாம்" என்றேன். முட்டை இருந்த ஸ்லைடின் விளிம்பை மெழுகால் அடைத்தோம். மிச்சம் அத்தனையையும் கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டோம்.

ஜமால் தலையில் தொப்பியோடு திரும்பி வந்தபோது தாழ்வாரமே அவருக்குச் செய்தி சொன்னது. அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "பாட்டில் சுத்தமா இருந்துச்சா சார்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஜமால், நூர்ஜகான், நான் மூவரும் திருச்சிக்குப் போனோம். ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி ஓர் ஊசி மருந்துப் பெட்டியில் வைத்து, வழி முழுக்க மடியில் பிடித்திருந்தேன். சர்ஜன் வயதானவர், பேச்சுக் குறைவு. தன் மருத்துவமனை லேப்பில் உட்கார்ந்து ஸ்லைடைப் பார்த்தார். பிறகு ஃபார்மலின் படிவிலிருந்து தானே ஒரு ஸ்லைடு போட்டுத் தேடினார். அதில் இல்லை. இன்னொன்று போட்டார். அதில் இரண்டு இருந்தன. முதல் நாள் அந்த ஒரு துளியைத் தண்ணீரில் விடாதது நல்லதாயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"பன்னெண்டரைக்கு சார்."

"எல்லா லேப்பும் காலையிலதானே வாங்குவாங்க? இந்த நேரம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டாக்டரம்மாவின் புத்தகம் என்று சொல்லியிருக்கலாம். நாவில் வந்தும் விட்டது. திரும்பிக் கதவருகே நின்ற ஜமாலைக் காட்டினேன். "அவர் சொன்னாருங்க சார்."

சர்ஜன் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். சுபுஹிலிருந்து மஃக்ரிப் வரை எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, நோயாளியின் ஏட்டில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடித்தபின் மேல் பக்கத்துக்குப் போய், திங்கட்கிழமைத் தேதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். மருந்து கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்ப்போம் என்றார்.

மருந்து திருச்சிக் கடைகளில் கிடைக்கவில்லை. டாக்டரம்மா அதன் பெயரை எழுதிக் கொடுக்க, ஜமால் கேம்ப்பில் தன்னோடு ஓடையில் குளித்த ஐந்து பேருக்கும் கடிதம் போட்டார். மாத்திரை வாங்கி அனுப்பச் சொன்னதோடு, நண்பகல் சாம்பிள் கொடுத்து நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். அக்டோபர் முதல் வாரம், ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில், சோப்புக் கட்டிகளுக்கு நடுவில் மாத்திரைகள் வந்து சேர்ந்தன. ஒரே நாளில் தின்று தீர்க்கிற மருந்து. அன்று மட்டும் கொஞ்சம் தலைசுற்றல். பிறகு மூன்று தடவை லுஹர் நேரத்துச் சாம்பிள் பார்த்தேன், முட்டை இல்லை. குழாய் விட்டுப் பார்த்த சர்ஜன், தடிப்பு அடங்கிவிட்டது என்று எழுதியனுப்பினார்.

இடைப்பட்ட ஏழு வாரத்தில் டாக்டரம்மா ஜமாலிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது, கரையில் சிறுநீர் போகக் கூடாது. வெள்ளாற்று நத்தையில் அந்தக் குஞ்சு தங்குமா தங்காதா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தங்கினால் ஒரு ஊரே குளிக்கிற ஆறு. புரட்டாசியில் மழை பெய்து ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தது. கூட்டாளிகள் கரையிலிருந்து கூப்பிட்டுக் கேலி செய்தார்களாம். அவர் போகவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த ஆளு வூட்டுல குளிச்சு நான் பாத்ததில்ல சார்" என்று நூர்ஜகான் சொன்னாள். "இப்ப பொம்பளையாட்டம் கதவச் சாத்திக்கிட்டு சொம்புல மொண்டு ஊத்திக்கிட்டு நிக்குது." கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சாம்பிளோடு வருகிற ஆளிடம், எப்போது, எப்படி என்று கேளுங்கள். அவர் தன் உடம்போடு நாள் முழுக்க இருக்கிறார். நீங்கள் பத்து நிமிடம் இருக்கிறீர்கள். புரியாதது ஓடினால் பஞ்சை எடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தீராததாகவே விட்டுவிடுகிறேன். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லப்பைக்குடிக்காட்டுக்குப் போய், அதே கிணற்றில் நூர்ஜகான் இறைத்துக் கொடுத்த தண்ணீரை மூன்று பாட்டிலில் கொண்டுவந்து பார்த்தேன். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நீளவாட்டில் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டு ஓடியது. செவ்வாயன்று பார்த்தது இதைப்போல இருந்ததா, இதைவிட வேகமா என்று நினைவை எவ்வளவு பிழிந்தும் சொல்ல முடியவில்லை. முட்டை பொரிந்து வருகிற உண்மையான குஞ்சை என் வாழ்நாளில் நான் பார்க்கவேயில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. ஆகவே 14-8-84 அன்று காலை என் ஸ்லைடில் நீந்தியது அந்தப் புழுவின் குஞ்சா, வெறும் கிணற்றுப் பூச்சியா என்பது உறுதிசெய்யப்படவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்லைடைத் துடைத்தவன் போட்டது.